ஆல்ட் இல்லாத கீபோர்டு

13-6-88, திங்கள்
காலையிலிருந்து தூறல். கம்பெனி பஸ் தாமதம். நான் எழுதிய, கடிதம் அடிக்கும் புரோகிராம் டாஸ் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது. யூனிக்ஸ் டெர்மினலிலும் ஓட வேண்டும். வெள்ளியன்று ஜி.எம். பார்க்க வருகிறார். கடிதத்தைச் சேமிக்க ஆல்ட்டும் எஸ்ஸும் சேர்த்து அழுத்த வேண்டும் என்று வைத்திருந்தேன். டெர்மினல் கீபோர்டில் ஆல்ட்டே கிடையாது. இன்றுதான் கவனித்தேன். வெட்கம்.

14, செவ்வாய்
ஆல்ட்டுக்குப் பதில் கண்ட்ரோல். டாஸில் சரி. டெர்மினலில் கண்ட்ரோல்-எஸ் அடித்ததும் திரை அப்படியே நின்றுவிட்டது. யூனிக்ஸில் அதற்கு அர்த்தமே ‘நிறுத்து’. செக்ஷன் தலைவர் ரெட்டி சார் இங்கிலீஷில் சொன்னது: ரெண்டு மெஷினுக்கு ரெண்டு லிஸ்ட் கொடு, டைப்பிஸ்டுகள் மனப்பாடம் செய்யட்டும்.
வாங்க: ரவை, குடைக்கம்பி, மகள் ரேணுவுக்கு ரிப்பன்.

15, புதன்
டைப்பிஸ்ட் பிலோமினாவை உட்கார வைத்துப் பார்த்தேன். மெட்டுகுடா ரயில்வே காலனிக் குடும்பம், தமிழில் ஊர் உருது கலக்கும், பதினாறு வருட சர்வீஸ். என்ன வேகம். ஆனால் கண்ட்ரோலுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இடது சுண்டுவிரல் சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கியதாம், மடங்காது. கண்ட்ரோலோ இடது பக்கம் மட்டும்.
"கைக்கூ மேடம், ஏன் ரெண்டு கீயும் ஒண்ணா அழுத்தணும்? ஒண்ணு அழுத்தி விட்டுட்டு அடுத்ததுன்னா அடிச்சுடுவேன்."
பிறகு மெதுவாக: "கம்ப்யூட்டர் வராதவங்களை டெஸ்பாட்ச்சுக்கு மாத்துறாங்களாம். அது நக்கோ மேடம், வேண்டாம். தபால் ஒட்டவா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணேன்?"
பஸ்ஸில் வழியெல்லாம் அதே நினைப்பு. ஏ.எஸ்.ராவ் நகரில் இறங்கும்போது தோன்றியது: எஸ்கேப். இரண்டு கீபோர்டிலும் இருக்கிறது. அழுத்தி, விட்டு, பிறகு எஸ்.

16, வியாழன்
மாற்றி எழுதியாயிற்று. ரெட்டி சாருக்குப் பிடிக்கவில்லை. உலகமே ஒன்றாக அழுத்துகிறது, நாம் மட்டும் ஏன் என்றார். "நாளைக்கு பிலோமினா அடிக்கட்டும் சார். தடுமாறினா உங்க ரெண்டு லிஸ்ட்டே இருக்கட்டும்" என்றேன். வீட்டில் ரேணுவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அர்த்தம் காலேது", புரியவில்லை என்று தெலுங்கில் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

17, வெள்ளி
ஜெயித்தோம். காலையில் பிலோமினாவுக்கு எஸ்கேப்பைக் காட்டிக்கொடுத்தேன்; மதியம் ஜி.எம். வந்தார்.
பாதிக் கடிதம் டாஸில். எஸ்கேப், எஸ். எழுந்து டெர்மினலுக்குப் போய் மீதிக் கடிதம். எஸ்கேப், எஸ். பிலோமினா ஒரு தடவைகூடக் குனிந்து கீபோர்டைப் பார்க்கவில்லை. எத்தனை நாள் பயிற்சி என்று ஜி.எம். கேட்டார்.
"ஒன் மார்னிங், சார்" என்றார் பிலோமினா.
ரெட்டி சார் ‘நம் யோசனை’ என்று ஜி.எம்.மிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும்.
திங்கள் முதல் மற்ற டைப்பிஸ்டுகளுக்கு பிலோமினாதான் கற்றுக்கொடுக்கப் போகிறார். ஆபீஸ் ஆர்டரை அவரே டைப் அடித்து என்னிடம் கொண்டுவந்தார்.
"ஸ்பெல்லிங் பாருங்க மேடம்."
பெயருக்குப் பக்கத்தில் ‘இன்ஸ்ட்ரக்டர்’. ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.