நான் திருப்பி அனுப்பிய மூன்று தாள்கள்

1. தக்கலையில் வழக்குரைஞராகத் தொழில் செய்பவனும், ஐம்பத்தெட்டு வயது நிறைந்தவனும், ஒன்பதாம் வகுப்பில் உன்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவனுமாகிய சாமுவேல் என்னும் நான், எவருடைய தூண்டுதலும் இன்றி உனக்கு எழுதுவது.

2. இதில் நான் நேரில் கண்டவை உண்டு. உன் மனைவி கிளாரா சொல்லிப் பின்னர் அறிந்தவையும் உண்டு. எது எது என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை முதல் என் அலுவலகக் கணினியில் உன் பெயர் திறந்திருக்கிறது. அகல நிப்பால் நீயே எழுதி வைத்திருந்த தாளை ஸ்கேன் செய்து, ஒரே எழுத்து திரை முழுவதையும் நிறைக்கும் அளவுக்குப் பெரிதாக்கியிருக்கிறேன். "கல்லறைக் கல்லுல அவிய எழுத்தே இருக்கட்டும் அண்ணே" என்று கிளாரா கேட்டாள். களியக்காவிளை சாலையில் கல் வெட்டுகிறவருக்கு வெக்டர் கோப்பாக, அதாவது எழுத்தைக் கோடுகளாக்கிக் கொடுத்தால்தான் அவருடைய இயந்திரம் வெட்டும். வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதமாக அதற்கான மென்பொருளைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

நீதிமன்றத்துக்கு எதிரே, அழைப்பிதழ்களுக்கும் பலகைகளுக்கும் எழுத்து வரைந்து தரும் உன் கடையில், உணவு இடைவேளைகளில் உன் பின்னால் நின்று பார்த்ததுதான் என் முதல் பாடம். எழுத்தின் ஓரத்தைத் தானாகவே பிடித்துத் தரும் கட்டளை ஒன்று அதில் உண்டு. நீ அதைத் தொடமாட்டாய். தாளில் மை ஊறிய பிசிறையும் அது எழுத்தென்றே எடுத்துக்கொள்ளும் என்பாய். பேனா சென்ற வழியில் ஒற்றைக் கோடு இழுப்பாய். பிறகு அந்தக் கோட்டின்மேல் புள்ளிகள் வைத்து, ஓரிடத்தில் அகலமாக்கி, ஓரிடத்தில் ஒடுக்குவாய். மெலிந்த கோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்தாகப் பருக்கும்.

"ஓரத்தப் பாக்காத வக்கீலே. கை போன வழியப் பிடி. தடிமன் பொறவு தானா வரும்."

நான் ஓரத்தையே பார்த்தேன்.

என் மகள் எழிலின் திருமண அழைப்பிதழுக்கு அவள் பெயரை நீ எழுதித் தந்தாய். முதல் தாளைக் கண்டதுமே ழகரத்தின் வால் என் கண்ணை உறுத்தியது. ஆவணங்களில் குறை கண்டால் நீதிமன்ற அலுவலகம் காரணம் எழுதித் திருப்புமே, அந்த முறையிலேயே சிவப்பு மையில் எழுதினேன்: "(அ) ழகர வாலில் இரண்டு இடங்களில் நெளிவு. (ஆ) லகர வளைவின் தடிமன் சீராக இல்லை. திருத்தித் தருக." மூன்று முறை திருப்பினேன். மூன்றாம் முறை நெளிவுகளுக்கு வட்டமும் போட்டிருந்தேன்.

"இது எழுத்தாக்கும் மக்கா, சாட்சி இல்ல. இப்பிடிக் குறுக்கு விசாரணை பண்ணுதியே" என்று சிரித்தாய்.

"முன்னெல்லாம் உனக்கு இப்படி வராதே?"

நீ மவுஸைத் தள்ளி வைத்தாய். "நிப்பு பழசாயிட்டு" என்றாய்.

நான் அதை நம்பினேன். கையெழுத்துகளை ஒப்பிட்டே முப்பது ஆண்டுகள் வழக்காடியவன் நான். மை எங்கே நின்றது, விரல் எங்கே தயங்கியது என்று அடுத்தவர் கையெழுத்தில் எத்தனை முறை காட்டியிருப்பேன்! அடுத்த சனிக்கிழமையே திருவனந்தபுரம் சென்று உனக்கு ஒரு புதிய பேனா வாங்கி வந்தேன். நீ அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாய். அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

நான்காவதாக வந்த தாளில் குறையே இல்லை. வால் வழுக்கிக்கொண்டு இறங்கியது. "இப்போது சரியாக இருக்கிறது" என்றேன்.

"கொள்ளாம். ஆனா இத எழுதினது நான் இல்ல கேட்டியா, மவுஸு."

அதற்கும் சிரித்தேன். அழைப்பிதழைப் பாராட்டாதவர் இல்லை. அவர்களிடமெல்லாம், மூன்று முறை திருப்பி அனுப்பி வாங்கினேன் என்று பெருமையாகச் சொன்னேன். நீ அருகில் நின்றபோதும் சொன்னேன்.

திருமணம் முடிந்து வந்த ஐப்பசியில் நெஞ்சுவலி உன்னை ஒரே காலைப்பொழுதில் கொண்டுபோயிற்று. அடக்கம் முடிந்து எட்டாம் நாள் கிளாரா சொல்லித்தான் மற்றது தெரிந்தது. நீ அழைப்பிதழ் எழுதும்போதே உன் வலக்கையில் நடுக்கம் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. வெளியே தெரிந்தால் கடைக்கு யாரும் எழுத்துவேலை கொண்டுவரமாட்டார்கள் என்று மூடி வைத்திருந்தாய்.

"உங்ககிட்ட மட்டும் சொல்லணும்னு ரெண்டு மட்டம் உங்க ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்தாவ. நீங்க சிவப்பு மையில என்னமோ எழுதிக்கிட்டு இருந்தியளாம். அப்பிடியே திரும்பி வந்துட்டாவ."

நான் அன்று எழுதிக்கொண்டிருந்தது உன் தாளின்மேலா, வேறு ஆவணத்தின்மேலா என்பது எனக்கு நினைவில்லை. உன் தாளாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

கிளாரா தந்த பென்டிரைவில் அழைப்பிதழின் கோப்பும் இருந்தது. நீ எப்படிச் செய்தாய் என்று கற்கவே திறந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகள். ஒவ்வொன்றுக்கும் நீ பெயர் வைத்திருந்தாய். வக்கீல் 1. வக்கீல் 2. வக்கீல் 3. எல்லாவற்றுக்கும் அடியில், கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்துப் பூட்டிய ஓர் அடுக்கு: என் கை. திறந்தால் நீ கையால் எழுதிய ழகரம். நான் வட்டமிட்ட நெளிவுகள் அத்தனையும் அப்படியே இருந்தன. மேலே உள்ள வழவழப்பான ழகரத்தை நீ ஏழு புள்ளிகளில் முடித்திருக்கிறாய்.

உன் பெயரின் முதல் எழுத்துக்கு மட்டும் நான் நாற்பது புள்ளிகளுக்கு மேல் வைத்துவிட்டேன். நடுக்கம் வந்த இடமெல்லாம் புள்ளி வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் கோடு எவ்வளவு பருத்தது, எவ்வளவு மெலிந்தது என்று பார்த்துப் பார்த்து வைக்கிறேன். நேற்று மாதிரியைக் கல் வெட்டுகிறவரிடம் காட்டினேன்.

"சாரே, கோடு முழுக்க நெளியுதே. நான் ஸ்மூத்தாக்கித் தாறேன். கல்லுல ஏறியாச்சுன்னா பின்ன மாத்த முடியாது."

"வேண்டாம். உள்ளது உள்ளபடியே வெட்டுங்கள்."

"பாக்கிறவிய என்னையில்லா குத்தம் சொல்லுவாவ?"

"என்னிடம் அனுப்புங்கள்" என்றேன்.

கல்லுக்குரிய அந்தத் தாள், நான் வாங்கித் தந்த பேனாவை நீ முதன்முதலாகச் சோதித்துப் பார்த்த தாளாம். எழுதி முடித்து நீ சொன்னதை, பேனாவைத் திருப்பித் தந்தபோது கிளாரா சொன்னாள்: "பேனாவுல குத்தம் ஒண்ணும் இல்லன்னு வக்கீல்கிட்ட சொல்லணும்."

அந்தப் பேனாவை இன்று என் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். இந்த மடலின் அடியில் அதைக்கொண்டே கையெழுத்திடுகிறேன்.

கல்லுக்குரிய பிரதியை அசலோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். திருத்தம் எதுவும் செய்யப்படவில்லை.

(ஒப்பம்) சாமுவேல்

சாட்சிகள்:
கிளாரா, உன் மனைவி
எழில், நீ பெயர் எழுதிக் கொடுத்தவள்