பீப்பாய் மூடியில் ஒரு கயிறு

மீன் ஆலைக் குடியிருப்பு, அலாஸ்கா
12 அக்டோபர் 1994, புதன்

அன்புள்ள வெண்டல் அண்ணனுக்கு,

இதை எங்கே உட்கார்ந்து படிக்கிறாய்? நிலவறையில் என்றால் உடனே எழுந்து மேலே போ. விளையாட்டில்லை. சமையலறைக்குப் போய் மீதியைப் படி.

போய்விட்டாயா? சரி.

நாலாம் தேதி நீ எழுதிய கடிதம் இன்று காலை தபால் விமானத்தில்தான் வந்தது. போன வாரப் புயலில் எங்கள் ரேடியோ கம்பம் விழுந்துவிட்டது. நீயோ ரோண்டா அண்ணி உன்னை விட்டுப் போன மறுநாளே டெலிபோனைப் பிடுங்கி எறிந்தவன். விமானி டெல்மா வாசலில் நின்று கத்துகிறாள்: “என்னய்யா, காதல் கடிதமா? சீக்கிரம் முடி, மேகம் உனக்காக நிக்காது.” அதனால் நேராகவே எழுதுகிறேன். கோபப்படாதே.

பீர் பீப்பாய்க்குக் கேஸ் ஏற்றுகிற சிலிண்டர் பத்தே நாளில் காலியாகிறது என்கிறாய். காலையில் தலை பிளக்கிறது. நிலவறைத் தண்ணீர் ஹீட்டரின் அடியில் எரியும் சின்னச் சுடர் மூன்று முறை அணைந்துவிட்டது. அப்புறம் உன் நாய் பட்டன். “டேய், இந்த பட்டனுக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல. மூணாவது படியில நின்னுக்கிட்டு கொரைக்குது, கீழ வரவே மாட்டேங்குது. ரோண்டா சொல்லிக்குடுத்துட்டுப் போயிட்டாளோ என்னவோ.” இதெல்லாம் உனக்குத் தனித்தனிப் புலம்பல். அத்தனைக்கும் காரணம் ஒன்றுதான்.

தப்பு என்னுடையது. ஆகஸ்டில் நீ காய்ச்சிய பீருக்கு மணம் ஏற்ற ஹாப்ஸ் பூவை அப்படியே பீப்பாய்க்குள் கொட்டி, குழாய் அடைத்துக்கொண்டு, பீர் வராமல் சக்கை வருகிறது என்று எழுதினாய். நான் எரிச்சலில் ஒரே வரியில் பதில் போட்டேன். பூவைத் துணிப்பையில் போடு, நூலில் கட்டித் தொங்கவிடு, நூல் நுனியை வெளியே விட்டு மூடியைப் போடு, அஞ்சாம் நாள் இழுத்து எடு, இல்லாவிட்டால் புல் வாசனை அடிக்கும். என்ன நூல் என்று எழுதவில்லை. நான் நினைத்தது பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிற நூல். தலைமுடி மாதிரி இருக்கும், மூடியின் ரப்பர் வளையம் அதை அமுக்கிக்கொள்ளும். நீ ஹாப்ஸ் தோட்டத்து மேஸ்திரி. உன் கைக்கு எட்டியது ஹாப்ஸ் கொடியைப் படரவிடுகிற தென்னைநார்க் கயிறு. “கொடி ஏறுன கயித்துலயே பூவும் தொங்கட்டும்னு கட்டிட்டேன், எப்புடி?” என்று இந்தக் கடிதத்தில்தான் சொல்கிறாய், பெருமையாக.

பீப்பாய்க்குப் பீப்பாய் அந்தச் சொரசொரப்புக் கயிறு வளையத்துக்கு நடுவே கிடந்தால் அது மூடியே இல்லை. சிலிண்டரில் இருக்கிற கரியமில வாயு ராப்பகலாக ஒழுகும். உனக்குக் கேட்காது, வாசனையும் தெரியாது. காற்றைவிடக் கனம், தரையில்தான் போய்ப் படுக்கும். நீயும் அந்த நிலவறைத் தரையில்தான் மெத்தை போட்டிருக்கிறாய்.

செப்டம்பரில் சிலிண்டர் தீர்கிறது என்று நீ எழுதியபோதே யோசித்திருக்க வேண்டும். “குடிக்கிறதக் கொற, இல்லன்னா பெரிய சிலிண்டரா வாங்கித் தொல” என்று எழுதிவிட்டேன். அப்போது நிலவறை ஜன்னலாவது திறந்திருந்தது. இப்போது குளிருக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி அடைத்துவிட்டாயாம். நான் சொன்னபடியே சனிக்கிழமை பெரிய சிலிண்டரும் வருகிறதாம். அந்தச் சனிக்கிழமை போய் நாலு நாள் ஆகிறது.

இன்னொன்று. கடைசிப் பக்கத்தில் நாய் சங்கதியை மறுபடி எழுதியிருக்கிறாய், வார்த்தை மாறாமல், முதல் தடவை சொல்வது போல. அதற்குக் கீழே, “மேல படுத்தா தூக்கமே வரல. இங்க படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன்டா.”

அது தூக்கமில்லை அண்ணா.

கீழே இறங்காதே. தோட்டத்துப் பக்கம் போய் வெளியிலிருந்தே ஜன்னல் தாளைக் கிழி. தீயணைப்பு நிலையத்துக்கு ஆளனுப்பு, சிலிண்டரை அவர்கள் வந்து மூடட்டும். வெட்கப்படாதே. தீக்குச்சி கொளுத்தி, அணைகிறதா பார்க்கிறேன் என்று கீழே குனியாதே, உன்னைத் தெரியும் எனக்கு. பீர் போனால் போகட்டும்.

அண்ணி போனதைப் பற்றி நான் ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. வால்வு, குழாய் என்றால் பக்கம் பக்கமாக எழுதுவேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். நீ மேலே உன் அறையிலேயே படு, நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டு ஓரோஸ்கோ அம்மாவின் நம்பரை டெல்மாவிடம் கொடுத்திருக்கிறேன். எந்த ஊரில் இறங்க முடிகிறதோ அங்கிருந்து கூப்பிடுவாள், யாரும் எடுக்காவிட்டால் தீயணைப்பு நிலையத்தை. “என்னன்னு கேக்க? நாய் கொரைக்குதான்னா?” என்று சிரித்தாள். ஆமாம், அதைத்தான் முதலில் கேள் என்றேன். அப்புறம் அவள் அவசரப்படுத்தவில்லை. என்ஜினைக் கிளப்பிவிட்டுக் காத்திருக்கிறாள்.

நல்லா இரு அண்ணா. இந்த ஒரு தடவை நான் சொல்வதைக் கேள்.

உன் தம்பி,
நோலன்

பி.கு. இந்த உறையைப் பிரிப்பது ஓரோஸ்கோ அம்மா என்றால், தயவுசெய்து, அண்ணன் கீழே படுத்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் இறங்காதீர்கள். முதலில் ஜன்னலை உடையுங்கள். பட்டனுக்கு ஏதாவது சாப்பிட வையுங்கள். அது அந்த மூன்றாவது படியை விட்டு வந்திருக்காது.