அப்பா உட்காராத நாற்காலி

என் மணியண்ணனுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. கொச்சியில் உனக்கு நடந்த மரியாதையை நானும் என் வீட்டுக்காரரும் கடைசி வரிசையில் நின்று பார்த்தோம். பெட்டியின் மேல் கொடி போர்த்தினார்கள். வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி சுட்டார்கள். உன் பதக்கங்களையெல்லாம் ஒரு சின்ன மெத்தையில் வரிசையாகக் குத்தி, அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஓர் அதிகாரி முன்னால் நடந்தார். அழுகை வரும் என்று இரண்டு கைக்குட்டை எடுத்துப் போயிருந்தேன். மடித்தது மடித்தபடி ஊருக்குத் திரும்பி வந்தன.

தங்கச்சிக்காரி கல்லு மாதிரி நிற்கிறாளே என்று அண்ணி நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உன் பேரில் கல்வெட்டு வைக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை விழா. பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் அதிகாரிகள் வருகிறார்கள். அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம், அதில் தங்கை என்ற முறையில் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி தலைமையாசிரியை கேட்டார். இதுதான் அந்தக் கடிதம். போட்டால் போடட்டும், போடாவிட்டால் நானே நகல் எடுத்து வாசலில் நின்று கொடுப்பேன்.

போன வாரம் அந்த டீச்சர் குரும்பலூருக்கு என் வீடு தேடி வந்தார். கையில் கல்வெட்டு வாசகம். நீ சப் லெப்டினன்ட் ஆனதிலிருந்து ரியர் அட்மிரல் ஆனது வரை படிப்படியாக எழுதியிருந்தார்கள். வீரத்துக்கான பதக்கம், விசிஷ்ட சேவா பதக்கம், அதி விசிஷ்ட சேவா பதக்கம், எதுவும் விட்டுப்போகவில்லை. எல்லாம் உண்மை. கடைசி வரியில் வந்து என் கண் நின்றுவிட்டது.

'தன் போர்க்கப்பலின் கேப்டன் நாற்காலியில், சுரங்கத் தொழிலாளியான தந்தையை அமரவைத்து அழகு பார்த்த தனயன்.'

"இந்தக் கடைசி வரி யாரு சொன்னது டீச்சர்?" என்று கேட்டேன்.

"யாருக்கா சொல்லணும்? ஊருக்கே தெரிஞ்ச கதைதானே. அட்மிரல் சாரே பேசியிருக்காருக்கா. ரிட்டயர்மென்ட் பார்ட்டில எடுத்த வீடியோ, உங்க அண்ணி அனுப்பி வச்சாங்க. பாருங்க" என்று செல்லை நீட்டினார்.

பார்த்தேன். வெள்ளை உடுப்பில் நீ நிற்கிறாய். இங்கிலீஷில் பேசுகிறாய். சத்துணவு அமைப்பாளராகக் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவளுக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். கல் உடைத்த என் அப்பாவைத் தூக்கி என் நாற்காலியில் உட்காரவைத்தேன், அதைவிடப் பெரிய பதக்கம் எனக்கு எதுவும் இல்லை என்கிறாய். சொல்லும்போது உன் குரல் தழுதழுக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது அண்ணே. அப்படியே சொல்கிறேன், வயிறு எரிந்தது.

நாற்காலி யாருக்குப் போட்டாய் என்று உனக்கு மறந்துபோயிருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

நீ முதன்முதலாக ஒரு கப்பலுக்குக் கேப்டன் ஆன வருஷம். குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் ஒரு சுற்றுப் போய்வரும் நாள் ஒன்று உண்டு, வாங்க என்று எழுதியிருந்தாய். அப்பா அரியலூர் போய் முடிவெட்டிக்கொண்டு, புது வேட்டி வாங்கி, என்னையும் கூட்டிக்கொண்டு விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறினார். கடலே இல்லாத மாவட்டத்துக்காரனின் மகன் கப்பல் ஓட்டுகிறான் என்று பெட்டியில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லியாயிற்று.

கப்பலில் ஏறும் பலகை அருகே வந்தோம். முன்னால் போன அதிகாரிகள் ஒவ்வொருவரும் சல்யூட் அடித்துவிட்டு உள்ளே போனார்கள். அப்பா அதைக் கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மேனேஜர் ஆபீஸ் படி ஏறும்போது அவர் செய்வது அதுதான். அதற்கு முன்னால் பண்ணைக் கூலியாக இருந்தபோதும் அதைத்தான் செய்தார். மரியாதையான இடம் என்றால் அவருக்குத் தெரிந்த சல்யூட் அது ஒன்றுதான்.

மேலே நின்ற சிப்பாய் என்ன கண்டான்? வெறுங்காலும் இடுப்புத் துண்டுமாக ஒரு கறுத்த மனுஷன். எங்களுக்குப் பின்னால் உன் மாமனார் வீட்டார் பைகளோடு ஏறினார்கள். மூட்டை தூக்க வந்த ஆள் என்று நினைத்து, அந்தப் பைகளை வாங்கி அப்பா கையில் கொடுத்தான். அப்பாவும் வாங்கிக்கொண்டார். அந்தச் சிப்பாய் மேல் எனக்கு இன்றுவரை கோபம் கிடையாது.

நீ நாலடி தள்ளி நின்றாய். பார்த்தாய். உன் பக்கத்தில் இருந்த ஓர் அதிகாரி, இவர் உங்களைச் சேர்ந்தவரா என்று கேட்டார். ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்றாய்.

அவ்வளவுதான். பொய்கூட இல்லை. ஊரிலிருந்துதானே வந்திருந்தார்.

இஞ்சின் ரூம் தீப்பிடித்தபோது உள்ளே போய் இரண்டு பேரை இழுத்து வந்தவன் நீ. அந்தப் பதக்கத்தை யாரும் உனக்குச் சும்மா கொடுக்கவில்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நெருப்புக்குள் போனவனுக்கு, இவர்தான் என் அப்பா என்று கைகாட்ட மட்டும் ஏன் தைரியம் வரவில்லை? எதற்குப் பயந்தாய்? அந்த வெள்ளை உடுப்புக்காரர்கள் உன்னை என்ன செய்திருப்பார்கள்?

கப்பலை நடத்துகிற மேல் அறையில் உயரமான ஒரு நாற்காலி இருந்தது. கேப்டனைத் தவிர வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது, எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கேப்டன் சொன்னால்தான் உட்காரலாம் என்று அங்கிருந்த ஒருவர் விளக்கிச் சொன்னார். நீ உன் மாமனாரின் கையைப் பிடித்து, "உக்காருங்க மாமா" என்று ஏற்றி உட்காரவைத்தாய். போட்டோ எடுத்தார்கள். வாசலுக்கு வெளியே, வெயிலில் காய்ந்த இரும்புத் தளத்தில், இரண்டு கையிலும் பைகளோடு நின்று அப்பா அதைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது ரயிலில் அவர் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார். இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்திருந்தன. நான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். ரொம்ப நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், திடீரென்று சொன்னார்:

"பூங்கொடி, ஊருல கேட்டா, அந்த நாற்காலில என்னையத்தான் உக்கார வச்சான்னு சொல்லிருவோம். என்ன?"

"எதுக்குப்பா பொய்யி?"

"பொய்யின்னு என்ன இருக்கு. அவனுக்கு ஆயிரம் வேலை, மறந்துட்டான். நெனப்பு இருந்திருந்தா உக்கார வச்சிருப்பான்ல."

சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக என் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதன் பிறகு அப்பா அந்தக் கதையைச் சொல்லாத டீக்கடை இல்லை. மகன் இரண்டு கையாலும் தூக்கி உட்காரவைத்தானாம், கப்பல் முழுக்க விறைப்பாக நின்று சல்யூட் அடித்ததாம்.

பிறகு நீ அதி விசிஷ்ட சேவா பதக்கம் வாங்கி ஊருக்கு வந்தாய். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டார்கள். மேடையில் உன் பக்கத்தில் அப்பாவை உட்காரவைத்தார்கள். வரவேற்புரை சொன்னவர் மைக்கைப் பிடித்து அந்த நாற்காலிக் கதையை முழுசாகச் சொன்னார். உனக்கு அப்போதுதான் அது தெரியும். நீ திரும்பி அப்பாவைப் பார்த்தாய். அப்பா குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ எழுந்து கும்பிட்டாய். கை தட்டல் நிற்கவே இல்லை. உட்கார்ந்ததும் அப்பாவின் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாய்.

மன்னிப்புக் கேட்கிறாய் என்று நினைத்தேன். மனசு கொஞ்சம் இளகியும் போனது. நன்றிதான் சொல்லியிருக்கிறாய் என்று போன வாரம் அந்த வீடியோவைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. உன் மானத்தைக் காப்பாற்ற அந்த மனுஷன் ஒரு பொய் சொன்னார். நீ அதையும் எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டாய். அவர் செத்த பிறகும் ஊர் ஊராகப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாய். வெட்கமாக இல்லையா அண்ணே?

டீச்சரிடம் இரண்டு நாள் தவணை கேட்டேன். என் சிக்கலைப் பார். கல்லில் அந்த வரியை வெட்டவிட எனக்கு மனசில்லை. உண்மையைச் சொன்னாலோ, பொய்யன் என்று பேர் வாங்கப்போவது நீ மட்டும் இல்லை. அப்பாவுக்கு ஊரில் இருந்த ஒரே கௌரவம் அந்தக் கதைதான். அதை மகளே பிடுங்குவதா? "ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தாச்சு, நீ ஏன் கெடந்து கொதிக்கிற? விட்டுத் தள்ளு" என்றார் என் வீட்டுக்காரர். விட முடிந்தால் விட்டிருக்க மாட்டேனா?

மறுநாள் பெரம்பலூர் வந்து, அரியலூர் பஸ் பிடித்து, கல் லாரிகளுக்கு நடுவே ஊர் போய்ச் சேர்ந்தேன். மருதமுத்து சித்தப்பாவை உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பாவோடு ஒரே குழியில் முப்பது வருஷம் கல் உடைத்தவர். இப்போது மூச்சுக்கே சிரமப்படுகிறார், கட்டிலை விட்டு அதிகம் எழுவதில்லை. அவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

அவர் சிரித்தார். இருமலும் சிரிப்புமாகக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, உங்கப்பன் மேனேஜரு ரூம்புல சேர் போட்டுக் குடுத்தாலே உக்கார மாட்டான். நின்னுக்கிட்டே கையெழுத்து போட்ட ஆளு. அவன் போயி கேப்டன் நாற்காலில உக்காந்துட்டானாக்கும்?"

"அப்ப உங்களுக்குத் தெரியுமா சித்தப்பா?"

"வந்த மறுநாளே நொண்டிக்கிட்டு வேலைக்கு வந்தானே. நாற்காலில உக்காந்தவனுக்கு உள்ளங்காலு ஏம்மா பொத்துப்போவுது? எனக்கு மட்டுமா, அந்தக் குழில வேலை செஞ்ச அம்புட்டு பேருக்கும் தெரியும்."

"பின்ன ஏன் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டீங்க?"

"சொல்லும்போது அவன் முதுகு நிமிரும். நீ பாத்ததில்லையா? கல்லு ஒடைச்சு ஒடைச்சுக் கூனிப்போன முதுகு. அதைப் பாக்கத்தான் கேப்போம். 'நல்லமுத்து, அந்த நாற்காலி விசயத்த இன்னொருக்கா சொல்லுப்பா'ன்னு ஒருத்தன் எடுத்துக் குடுப்பான்."

எனக்கு ஒன்று மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அண்ணனுக்குப் பந்தல்ல அப்படிக் கை தட்டுனீங்களே?"

"அவனுக்கா தட்டுனோம்?" என்றார் சித்தப்பா. "பக்கத்துல உங்கப்பன் தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தான். உம் அண்ணன் ஏதாச்சும் வாயத் தொறந்து, இவன் மாட்டிக்குவானோன்னு எங்களுக்குப் பயம். அதான் வுடாமத் தட்டுனோம்."

கேட்டாயா அண்ணே? நீ எழுந்து கும்பிட்டு வாங்கிக்கொண்ட அந்தக் கை தட்டல் உனக்கு வந்ததில்லை. கடைசி வரை அது உனக்குத் தெரியாமலே போய்விட்டது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கொச்சியில் வராத அழுகையெல்லாம் அந்தக் கட்டிலடியில் வந்தது. உனக்காக இல்லை.

குழியில் வேலை செய்த அத்தனை பேரும் தெரிந்தேதான் அவரை மதித்தார்கள் என்றால், நான் உண்மையைச் சொல்வதால் அப்பாவுக்கு எதுவும் குறையாது. பஸ் ஏறுவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கடைசி வரியை அடித்துவிட்டு, 'தந்தை: நல்லமுத்து, சுண்ணாம்புக்கல் சுரங்கத் தொழிலாளி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மற்றதில் கை வைக்கவில்லை. நீ சம்பாதித்த பதவியும் பதக்கமும் அப்படியே இருக்கட்டும், அவை உன்னுடையவை. டீச்சர் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். மேடையை எப்படி அமைக்கப்போகிறார்கள் என்று சொன்னார். நடுவில் பட்டுத்துணி விரித்த பெரிய நாற்காலி, அதில் உன் படம், மாலை.

அப்பாவுக்கென்று தனியாகப் படம் எதுவும் கிடையாது. அவருடைய சுரங்க அடையாள அட்டையைக் கொண்டுபோய்ப் பெரம்பலூர் ஸ்டூடியோவில் கொடுத்திருக்கிறேன். பெரிதாக்கிச் சட்டம் போட்டு வியாழக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார்கள். துண்டு தோளில் இருக்கிற படம்தான்.

வெள்ளிக்கிழமை என்னைப் பேசக் கூப்பிடுவார்கள். இந்தக் கடிதத்தில் இருப்பதை மைக்கில் சொல்வேன். முன்வரிசையில் மருதமுத்து சித்தப்பாவைக் கட்டிலோடாவது கொண்டுவந்து வைப்பேன். சொல்லி முடித்ததும், அந்தப் பட்டு நாற்காலியில் இருக்கிற உன் படத்தை எடுத்துக் கீழே ஓரமாகச் சாய்த்துவிட்டு, அப்பாவை உட்காரவைப்பேன். இது சத்தியம். அன்றைக்கு அவர் நின்றது போல நீ கொஞ்ச நேரம் பக்கத்தில் நில் அண்ணே.

நல்லமுத்துவின் மகள்,
அந்த உறவால் உனக்குத் தங்கை,
பூங்கொடி