தாடி எடுத்த நாள்

இன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் சவரச் சோப்பின் வாசனை அடித்தது. அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் போன பிறகு அந்தச் சோப்புக் கிண்ணத்தை நான் வெளியே எடுத்ததில்லை. தகரப் பெட்டியில், உங்கள் சட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்த களைப்போ என்னவோ, ஒரு கணம் நீங்கள்தான் பின்பக்கம் கண்ணாடி முன்னால் நிற்கிறீர்கள் என்று தோன்றிவிட்டது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, கலைந்திருந்த முடியைக்கூட ஒதுக்கிக்கொண்டேன்.

நின்றது உங்கள் மகள். முக்காலி மேல் ஏறிக்கொண்டு, கன்னமும் தாடையும் தெரியாதபடி நுரையை அப்பியிருந்தாள்.

"என்னடி இது கோலம்?"

"தாடிம்மா."

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி தாடி?"

"தாடிய எடுக்காம இருந்திருந்தா அப்பா செத்திருக்க மாட்டாராம். அத்தை பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நான் எடுக்கவே மாட்டேன்." வாய்க்குள் போன நுரையைத் துப்பிவிட்டு அடுத்ததைக் கேட்டாள். "நான் உன் வயித்துல இருந்ததாலதானே அப்பாவுக்கு அப்படி ஆச்சு?"

முகத்தைக் கழுவிவிட்டுச் சோறு ஊட்டினேன். இப்போது தூங்குகிறாள். காலையில் எழுந்ததும் மறுபடி கேட்பாள், உங்கள் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. அதற்குள் எனக்கு ஒரு பதில் வேண்டும். அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். தாடி எடுத்த அந்த நாளில் என் பயம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தானே.

பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் முகத்தில் கத்தி வைக்கக் கூடாது என்று உங்கள் அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார். காலேஜில் படித்தவள் என்ற திமிரில் நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "எதுக்கு வம்பு, ரெண்டு மூணு மாசம் வளரட்டும்," என்றீர்கள். மின்கம்பத்தில் ஏறிக் கம்பி கட்டுகிற ஆளுக்குத் தாடி எதற்கு இடைஞ்சல்? பந்தாட்டத்தில் கோல் காக்க நிற்கிறவனுக்கும் இடைஞ்சல் இல்லை.

வெள்ளைக்காரன் போய் மெர்டேக்கா வருவதற்கு முந்தைய மழைக்காலம் அது. நம் காஜா பெராங் ஊர்ப் பையன்கள் பந்தாட்டக் கோப்பையின் கடைசிச் சுற்றுக்கு வந்ததையே ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்க வேண்டும். எதிரே, ரப்பர் தோட்டத்துத் துரைமார்கள் பணம் போட்டு நடத்திய குழு. சிங்கப்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் சம்பளம் கொடுத்து ஆள் கொண்டுவந்திருந்தார்கள். நம் பக்கம் பால்காரர், மூட்டை தூக்குகிறவர், லாரி ஓட்டுகிற முனுசாமி அண்ணன். அவர்தான் தலைவர். முதல் ஆட்டத்தில் நாலு கோல் வாங்கினீர்கள். இரண்டாவது நம் திடலில் நடந்தது, கணுக்கால் சேற்றில். அன்று ஒரு பந்துகூட உங்களைத் தாண்டிப் போகவில்லை, ஜெயித்தோம்.

"தம்பி, பந்து உன் தாடியிலயே வந்து ஒட்டிக்கிது லா!" என்று முனுசாமி அண்ணன் உங்களைத் தூக்கிச் சுற்றினார். அத்தோடு விட்டாரா? கோப்பை கைக்கு வரும்வரை யாரும் சிரைக்கக் கூடாது என்று எல்லோரையும் சத்தியம் செய்ய வைத்தார். மழை விடவில்லை. அவர்கள் ஊரில் நடக்க வேண்டிய மூன்றாவது ஆட்டம் தள்ளிக்கொண்டே போனது. தாடிகளும் வளர்ந்துகொண்டே போயின. வேளைக்கு ஒரு தாடி நம் வாசலில் வந்து நின்று கோப்பி கேட்கும். எனக்கு அப்போதே அது பிடிக்கவில்லை. எனக்காக, என் பிள்ளைக்காக என்று நீங்கள் காத்துவந்த ஒன்றை ஊரே விளையாட்டாக எடுத்துக் கட்டிக்கொண்டது போல இருந்தது.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளைத் தேடிய எமர்ஜென்சி இன்னும் முடியாத காலம். காட்டுப் பக்கம் போகிற லாரியைப் போலீஸ் நிறுத்தும் என்பது குழந்தைக்கும் தெரியும். அடையாளக் கார்டில் மழித்த முகத்தோடு படம் எடுத்தவர்கள், தாடியோடு லாரி நிறைய ஏறிப் போகிறோமே என்று ஒருவருக்குமா தோன்றாது? எனக்கும் தோன்றவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வரத்தான் செய்வேன் என்று அடம்பிடித்து, முன்னால் முனுசாமி அண்ணன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

பத்து பெரெண்டாம் ஊரைத் தாண்டியதும் மழை மூட்டம். ரப்பர் மரங்களுக்கு நடுவே மத்தியானமே பொழுது சாய்ந்தது போல் இருந்தது. ரோட்டுக்குக் குறுக்கே மூங்கில். அதற்குப் பின்னால் துப்பாக்கிகள். எல்லோரையும் இறக்கி வரிசையில் நிற்க வைத்தார்கள். மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன் ஒவ்வொரு கார்டாக வாங்கிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "கம்பார் லாயின், மூக்கா லாயின்," என்றார். படம் வேறு, முகம் வேறு. காட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள் யாருடைய கார்டையோ வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? பின்னால் நின்ற சின்ன வயதுப் போலீஸ்காரனின் விரல் துப்பாக்கியை விட்டு எடுபடவே இல்லை. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சார்ஜனே வழி சொன்னார். காவல் குடிசையில் அவருடைய கத்தியும் சோப்பும் இருந்தன. சிரைத்தால் போகலாம், இல்லாவிட்டால் திரும்பு. மற்றவர்களுக்கு அது சிரிப்பாகிவிட்டது.

"டேய், உன் மூஞ்சியப் பாத்து ரொம்ப நாளாச்சு. மாறியிருப்பேன்னு நெனச்சேன், அதே மூஞ்சிதான், பாவம்!"

"நீ பேசாதடா. உன் பொண்டாட்டி தாடியோட இருக்கட்டும்னுதான் சொன்னா."

உங்கள் முறை வந்தபோது சிரிப்பு நின்றது. முனுசாமி அண்ணன் சார்ஜனிடம் மலாயில் கெஞ்சினார், இவன் பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள், இவன் முகத்தில் கத்தி படக் கூடாது என்று. சார்ஜன் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். எங்களிலும் அப்படி உண்டு என்று மெதுவாகச் சொன்னார். ஆனால் கார்டைக் காட்டி, மேலே கேட்டால் நான் என்ன சொல்ல என்று கையை விரித்தார். உங்களை அங்கேயே உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் போகலாம் என்றார்.

"நீ இரு தம்பி. நாங்க எப்படியாச்சும் சமாளிச்சிக்கிறோம்," என்றார் முனுசாமி அண்ணன். கோலில் நிற்க வேறு ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். வேண்டாம் என்று தலையாட்டினேன். அதை நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுத்தான் கத்தியைக் கையில் வாங்கினீர்கள். அத்தனை பேரை மழித்து மழுங்கிய கத்தி. தாடையில் கீறி இரத்தம் வந்தது.

திடலில் எதிர்க் குழு கத்தியது. "இது வேற ஆளு! தாடிக்காரன் எங்க? ஆள் மாத்திக் கொண்டாந்திருக்காங்க!" நீங்கள் சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினீர்கள். இப்போது படமும் முகமும் ஒன்றாக இருந்தன. நம் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லாரிக்குள் உட்கார்ந்து, உங்கள் கழுத்து வழியே இறங்கிய சிவப்புக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துடைத்தீர்கள், மறுபடி வந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று என்னிடம் இருந்தது. குடிசையில் நீங்கள் முகத்தில் கத்தியை வைத்ததிலிருந்து வயிற்றில் பிள்ளை அசையவே இல்லை.

பால்காரர் அடித்த அந்த ஒரு கோலை நான் பார்க்கவில்லை. கடைசியில் அவர்கள் அலை அலையாக வந்ததைப் பார்த்தேன். ஒரு பந்துக்கு நீங்கள் பாய்ந்து கோல் கட்டையில் மோதிய சத்தம் லாரிவரை கேட்டது. எழுந்திருக்க மாட்டீர்கள் என்றே நினைத்தேன். பந்தை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தீர்கள். விசில் ஊதியபோது கைதட்ட ஆள் இல்லை, அது அவர்கள் ஊர்த் திடல். மழை தூறத் தொடங்கியது. இருட்டுவதற்குள் ரோட்டைக் கடக்க வேண்டும் என்று கோப்பையைக் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பினோம். ஜெயித்தவர்கள் போலவே இல்லை, எதையோ திருடிக்கொண்டு ஓடுகிறவர்கள் போல இருந்தோம்.

திரும்பும்போது நீங்களும் முன்னால் ஏறிக்கொண்டீர்கள். "அசையுதா?" என்று கேட்டீர்கள். நான் சொல்லாமலே எப்படித் தெரிந்தது?

"இல்ல."

என் வயிற்றில் கையை வைத்தீர்கள். "கத்தி வெச்சப்பதான் பயந்தேன்," என்றீர்கள் என் காதருகே. "மத்தவங்கெல்லாம் கார்டுக்காகச் சிரைச்சாங்க. எனக்கு மட்டும் பிள்ளை மேலயே கத்தி வெச்ச மாதிரி..." பத்து பெரெண்டாம் விளக்குகள் தெரிகிறவரை கையை எடுக்கவில்லை. அங்கே வந்ததும் உங்கள் மகள் உதைத்தாள். நீங்கள் அழுதீர்கள். முனுசாமி அண்ணன் பார்க்காதவர் போல ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

அவள் நல்லபடியாகப் பிறந்தாள். "பாத்தியா, ஒண்ணும் ஆகல," என்று உங்கள் அக்காவிடம் தூக்கிக் காட்டினீர்கள். அவள் தவழ ஆரம்பித்த சமயம், தெங்கேராவில் காற்றில் அறுந்த கம்பியைக் கட்ட ஏறினீர்கள். மேலேயிருந்து விழுந்தீர்கள். "அன்னிக்கே சொன்னேனே, கத்தி வைக்காதடான்னு!" இதுதான் உங்கள் அக்காவின் வாயிலிருந்து வந்த முதல் சொல். அவரும் தம்பியைப் பறிகொடுத்தவர், எங்கேயாவது பழியை இறக்கிவைக்க வேண்டியிருந்தது. ஆனால் அவர் இறக்கிவைத்த இடம் ஒரு குழந்தையின் தலை.

நான் நம்புகிறேனா? காற்றடித்தது, கட்டை ஈரமாக இருந்தது, கால் வழுக்கியது. இதைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது போல எனக்கே சொல்லிக்கொள்கிறேன். இருந்தும் பென்சில் சீவக்கூட வீட்டில் பிளேடு வைப்பதில்லை. அவள் உடம்பு கொஞ்சம் சுட்டாலும், எதை மீறினோம் என்றுதான் மனம் முதலில் தேடுகிறது.

காலையில் அவளிடம் சொல்லப்போகிறேன். அப்பா உன்னால் சாகவில்லை, ஈரக் கட்டையில் கால் வழுக்கி விழுந்தார். உனக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயந்தார், பயந்துகொண்டே போய் ஆடி ஜெயித்தார். குரல் நடுங்காமல் சொல்ல வேண்டும். சொல்லிவிடுவேன்.

கோப்பை அடுத்த வருஷமே வேறு ஊருக்குப் போய்விட்டது. லாரியில் என் வயிற்றில் கை வைத்து நீங்கள் இறக்கிவைத்த பயம் மட்டும் எங்கேயும் போகவில்லை. அதை நானே வைத்துக்கொள்கிறேன். இவளுக்குக் கொடுக்க மாட்டேன்.