ஒன்றேகால் வாட் மிச்சம்

குனோங் ராபாட், ஈப்போ
20.11.1988

அன்பு மகன் கார்த்திகேசுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் அப்பா, தங்கச்சி சாலா, நான் மூவரும் சுகம், நீயும் அந்த இங்கிலாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு அனுப்பிய முறுக்கு தூளாகாமல் வந்ததா என்று ஒரு வரி இல்லை, சிப்பைப் பற்றி மட்டும் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். குறையாகச் சொல்லவில்லை ஐயா. வருடத்துக்கு இரண்டு வாழ்த்து அட்டையோடு நிறுத்திக்கொண்டிருந்த பிள்ளை, காம்பார் ஈயச் சுரங்கம் மூடி வயர்மேன் வேலை போன உன் அப்பா சாலாவுக்கு வீட்டிலேயே கம்ப்யூட்டர் செய்து தருகிறேன் என்று கிளம்பி, எந்தச் சிப் வாங்கலாம் என்று உன்னைக் கேட்ட நாளிலிருந்து வாரம் தவறாமல் எழுதுகிறாய். எனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் எல்லாவற்றையும் படிக்கிறேன், உன் கையெழுத்துதானே.

சிப்தான் கம்ப்யூட்டருக்கு மூளையாம். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட உன் அப்பா இவ்வளவு யோசிக்கவில்லை. வேகமானது விலை கூடுதல், சூடும் அதிகம் என்று ஒதுக்கினார். இன்னொன்று ஒன்றே முக்கால் வாட் தின்னும் என்று நீ எழுதினாய், அதுவும் வேண்டாம். கடைசியில் அரை வாட்டோடு அடங்கும் ஒன்றை, டவுன் கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கேயிடம் மூன்று சனிக்கிழமை பேரம் பேசி வாங்கி வந்தார். ஆக மிச்சம் ஒன்றேகால் வாட். அதைப் பொருத்துவதற்கு இரண்டு காற்றாடியும் டியூப் லைட்டும் ஈயம் பற்றவைக்கும் கம்பியும் ஒரு வாரம் பகல் முழுக்க ஓடின. சாமி மேடைச் சிவப்பு பல்பு ஐந்து வாட் தின்கிறது என்று அதை மட்டும் அணைக்கச் சொன்னார். எதிர்வீட்டு ஐயாவு அண்ணன் எட்டிப் பார்த்து, "என்னாண்ணே, மூள செய்றீங்களா, வீட்டக் கொளுத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கிவிட்டது. திரையில் பச்சை எழுத்து வந்தது, சாலா தன் பெயரைத் தட்டினாள், அதுவும் வந்தது. உன் அப்பா பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு சுவிட்சை அணைத்து, சிப்பை மெல்ல நெம்பி எடுத்து மைலோ டின்னுக்குள் போட்டு மூடினார். என்ன இது என்று கேட்டேன். "ஓடலன்னு எழுதிப் போடு. வேற எந்தச் சிப்பு பாக்கலாம்னு கேளு லா. ஓடிருச்சின்னு தெரிஞ்சா அவன் ஏன் கடுதாசி போடுறான்?" என்றார். வேலை போன அன்றுகூட அவர் முகம் அப்படி இருக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, அதனால் நடந்ததை எழுதிவிட்டேன். நீ தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அந்தச் சிப் சரிப்படாது, இன்னும் குறைவாகக் கரண்டு தின்னும் ஒன்று இருக்கிறதாம், நிதானமாகத் தேடுவோம் அப்பா என்று எழுது. வாரம் ஒரு நாளாவது எண்ணெய் தேய்த்துக் குளி. முருகன் உன்னை நீண்ட ஆயுளோடு வைத்திருக்கட்டும். மறந்துவிடாதே, நாலு பக்கத்துக்குக் குறையக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா செல்லாயி