தலைக்கணக்கு

எருமப்பட்டி
3.6.2025

அன்புத் தம்பி நந்தகுமாருக்கு,

அக்கா எழுதுவது. நானும் குஞ்சுகளும் நலம். நீயும் உன் வீட்டில் பிரீத்தியும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய். அதனால் தீவன வண்டி வேலுசாமியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

குஞ்சுக் கொட்டகை நஷ்டத்தில் ஓடுகிறது, மாதக் கடைசியில் மூடிவிடலாம் என்கிறாய். அந்த நஷ்டம் எங்கிருந்து வந்தது? நம் தீவன மில்லின் கரண்டு, ஆள் கூலி, ரிப்பேர் எல்லாவற்றையும் தலையை எண்ணித்தானே பங்கு போடுகிறாய்? இங்கே இருபதாயிரம் குஞ்சு, உன் முட்டைக் கொட்டகையில் இருபதாயிரம் கோழி. ஆளுக்குப் பாதிச் செலவு. உன் கோழி தின்பதில் கால்வாசி தின்னுமா என் குஞ்சு? தின்ற எடைக்குப் பங்கு போட்டுப் பார் சாமி. ஆராயியோடு சேர்த்து இங்கே வேலை செய்யும் ஒன்பது பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

உன் அக்கா,
கோகிலவாணி


நாமக்கல்
9.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எடைக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. மில் செலவில் ஐந்தில் ஒரு பங்குதான் உங்களுக்கு வருகிறது. உங்கள் கொட்டகையில் நஷ்டமே இல்லை.

ஆனால் தலைக்கணக்கை ஆரம்பித்தது நானா? மூன்று வருடத்துக்கு முன்னால் என் கொட்டகையில் சீக்கு வந்தபோது, "பேங்குல உங்கணக்கு நல்லாத் தெரியோணும் சாமி, மில்லுச் செலவுல பாதிய எம்பேருல போட்டுக்கோ" என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அந்தக் கணக்கைக் காட்டித்தான் கடன் வாங்கினேன். இப்போது மாற்றினால் நஷ்டம் என் பக்கம் வந்துவிடும், மீதிக் கடனும் வராது. கணக்கில் நஷ்டம் காட்டும் கொட்டகையை ஓட்டிக்கொண்டிருந்தாலும் பேங்கு கேள்வி கேட்கும், என்னால் சமாளிக்க முடியவில்லை அக்கா. வளர்ந்த குஞ்சை வெளியில் வாங்கிக்கொள்கிறேன். கோபிக்காதீர்கள்.

அன்புடன்,
நந்தகுமார்


எருமப்பட்டி
30.6.2025

நந்தகுமாருக்கு,

நேற்றுக் கடைசிக் குஞ்சுகளையும் ஏற்றி அனுப்பிவிட்டோம். கொட்டகையைக் கூட்டிக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. சாவி வேலுசாமியிடம் இருக்கிறது.

கழுவிக்கொண்டிருக்கும்போது ஆராயி கேட்டாள்: "ஏனுங்கக்கா, நாம போயிட்டா மில்லுச் செலவுல நம்ம பாதிய ஆருங்க கட்டுவாங்க?" எனக்கு அப்போதுதான் உறைத்தது. மில் ஓடும், கூலி குறையாது, ரிப்பேரும் நிற்காது. அடுத்த மாதத்திலிருந்து அத்தனையும் உன் கொட்டகைக்குத்தான். என்னை மூடி நீ மறைக்கப் பார்த்த நஷ்டம் முழுசாகத் தெரியப்போகிறது.

உன்னைக் கூப்பிடப் போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். குஞ்சு போனது போனதுதான். மனசு ரொம்ப நொந்துவிட்டது. பாதியை நான் ஏற்றது தம்பிக்காக. அதையே காட்டி என்னை மூடுவாய் என்று நினைக்கவில்லை.

தம்மம்பட்டி ரோட்டுப் பண்ணையில் ஒன்பது பேருக்கும் வேலை கேட்டேன், கிடைத்தது. நானும் அங்கேயே மேற்பார்வைக்குச் சேர்ந்துவிட்டேன். பங்கு போட இனி என்னைத் தேடாதே.

கோகிலவாணி