பாஸாகாத சுண்டுவிரல்

அன்பு மனைவிக்கு,

நானும் வாண்டும் நலம். உன் கால்வலியைப் பற்றி உண்மையை எழுது. போனில் நீ சொல்லும் "நல்லாத்தான் இருக்கேன்" எனக்குப் போதவில்லை. உன்னோடு அதே வார்டில் நர்ஸாக வேலை பார்க்கும் அக்கா லீவு முடிந்து நாளை அங்கே திரும்புகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தையும் நீ கேட்ட காலுறைகளையும் கொடுத்தனுப்புகிறேன். போனிலேயே பேசலாமே என்பாய். நம் வீட்டுப் போன் யார் கையில் இருக்கிறது என்பது உனக்குத் தெரியாதா? இது அவள் காதில் விழக் கூடாத சமாச்சாரம்.

முந்தாநாள் காலை பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. பிள்ளைகளின் நாற்காலிகளிலேயே எங்களையும் உட்கார வைத்துவிட்டார்கள். முழங்கால் முகவாயில் இடித்தது. ஒன்றாம் வகுப்புக்கு இனி வீட்டுப்பாடம் வேண்டாம் என்று நினைக்கிறோம், நாளைக்குள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்றார் டீச்சர். அவ்வளவுதான், ஆளுக்கு ஒரு பக்கம் பேசக் கிளம்பிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் எழுந்து, "அப்ப சாயங்காலம் முழுக்க இதுங்களை வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? நீங்களே வச்சுக்கங்க டீச்சர்" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நம் மாடிவீட்டுத் தையல்கார அக்கா, "வீட்டுப்பாடம் பிள்ளைக்கா, எனக்கா? பட்டாம்பூச்சி வெட்டி ஒட்டினது நான், ஸ்டார் வாங்கினது அவன்" என்று சண்டைக்கே போனார். இப்போதே உட்காரப் பழக்காவிட்டால் பின்னால் எந்தப் பிள்ளை உட்காரும் என்று பின்வரிசையில் ஓர் அப்பா கவலைப்பட்டார். அவர் பயத்தையும் பொய் என்று சொல்ல முடியாது.

இப்படி ஒரு பேச்சு வரும் என்று தெரிந்து நீ முன்பே போனில் சொன்னது எனக்கு நினைவிருந்தது. "வீட்டுப்பாடம் வேணும்னே சொல்லுங்க. அவளுக்கு இன்னும் ‘ழ’வே வரல." அதைத்தான் சொன்னேன். "எங்க பொண்ணுக்கு நாக்கு திரும்பவே மாட்டேங்குது டீச்சர். பழத்தைப் பளம்ங்கறா. வீட்டுப்பாடமும் இல்லாட்டி எப்படி?" டீச்சர் என்னை வேற்று ஆள் மாதிரி பார்த்தார். "உங்க பொண்ணா? மத்த பிள்ளைங்களுக்கு ‘ழ’ சொல்லிக் கொடுக்கறதே அவதான் சார்" என்றார்.

தினமும் வீட்டுப்பாட நேரத்தில் நீ போனில் கேட்கும்போது மட்டும் ஏன் தப்பாகச் சொல்கிறாள் என்று வரும் வழியில் வாண்டுவிடம் கேட்டேன். முதலில் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அப்புறம் சொன்னாள்: "சரியாச் சொன்னா அம்மா வெரிகுட், போய்ச் சாப்பிடுன்னு போனை வச்சிடறாங்கப்பா. தப்பாச் சொன்னாத்தான் நாக்கை மடிச்சுக் காட்டுவாங்க. இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டிம்பாங்க." எங்கே, இப்போது சொல் பார்க்கலாம் என்றேன். மழை, பழம், குழல் எல்லாம் மணி மணியாக வந்தன. அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுதமாட்டேன் என்று செய்யவில்லை.

அன்றைக்கு அப்புறம் வேலைக்குப் போயும் எனக்கு வேலையே ஓடவில்லை. லிஃப்ட் கூண்டின் தலையில் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோது நீ அந்த ஊருக்கு வேலைக்குப் போகும் முன்பிருந்த நம் பழைய சாயங்காலங்கள்தான் கண்ணில் நின்றன. நீ டூட்டி முடிந்து வந்து, யூனிஃபார்ம்கூட மாற்றாமல் சுவரில் சாய்ந்து காலை நீட்டுவாய். நான் குளியலறையில் கைக் கறையைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள் இருவரும் சிரிப்பது அங்கே கேட்கும். வாண்டு உன் கால்விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சொடக்கு எடுப்பாள். ஒன்று, இரண்டு எண்ண அவள் கற்றதே அப்படித்தான். இடது சுண்டுவிரல் மட்டும் சத்தமே போடாது. அது சத்தம் போடும்வரை நீ எழுந்திருக்கக் கூடாது என்பது அவள் சட்டம். அடுப்பில் பால் பொங்கும். "இன்னும் விரல் பாஸாகலைங்க, நீங்களே போய் அணைச்சிடுங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பாய். அந்தச் சுண்டுவிரல் பார்த்த வேலையைத்தான் இப்போது ‘ழ’ பார்த்துக்கொண்டிருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதே. மறுநாள் காலை பள்ளி வாசலில் டீச்சரிடம் வீட்டுப்பாடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னவர்கள்தான் அதிகமாம். அடுத்த வாரம் கடைசி வீட்டுப்பாடம். இதைக் கேட்டால் குதிப்பாள் என்று நினைத்தேன். ராத்திரி சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு, "அப்ப அம்மா எதுக்குக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டாள். நான் தண்ணீர் எடுத்துவர எழுந்துவிட்டேன்.

அதற்குப் பதிலை நீதான் சொல்ல வேண்டும். பாடம் இல்லாத முதல் நாளன்றும் அதே நேரத்தில் கூப்பிடு. என்ன படித்தாய் என்று கேட்காதே. எங்காவது சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, போன் கேமராவை விரல்களுக்கு நேரே பிடி. இங்கிருந்து அவள் ஒவ்வொன்றாக இழுப்பாள். மற்ற விரல்களுக்கு நீ வாயாலேயே சொடக்குப் போட்டுக் காட்டு. இடது சுண்டுவிரல் மட்டும், நீ வந்து சேரும்வரை, பாஸாகாமலே இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பால் பொங்கினால் அணைக்கக் காத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்